மல்லாட்டை நீங்கலாக

ஓடுகிற ஜீப்பின் வயிற்றுக்குள்ளேயே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தவன் டிரைவர் சவுரிராயன். அந்தக் கண்டுபிடிப்புக்காக அவனுக்கு யாரும் மாலை போடவில்லை. அதனால் விளைந்த நாசத்துக்காக யாரும் அவனை உதைக்கவும் இல்லை. இரண்டில் எது பெரிய அநியாயம் என்று அவனால் கடைசிவரை முடிவுகட்ட முடியவில்லை.

முறை மிகச் சுலபம். பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு, பச்சை மல்லாட்டையை நிரப்பி, எஞ்சினை ஒட்டிக் கொதிக்கிற புகைக்குழாயின்மேல் கம்பியால் கட்டிவிட வேண்டும். திண்டிவனம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது காய் பச்சையாகவே இருக்கும். விக்கிரவாண்டியில் ஓடு சிவக்கும். விழுப்புரத்தில் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினால் தெருவே மூக்கை உயர்த்திப் பார்க்கும். அதிகாரி உள்ளே மீட்டிங்கில் இருக்கிற நேரமெல்லாம் சவுரிராயன் மட்கார்டில் சாய்ந்துகொண்டு உடைத்து உடைத்துத் தின்பான். மீதியைத் துண்டில் முடிந்து திண்டிவனம் ஷெட் வாட்ச்மேன் மண்ணாங்கட்டிக்கு எடுத்து வருவான். காய் சப்ளை, மண்ணாங்கட்டியின் பெண்சாதி பாஞ்சாலி. பஸ் ஸ்டாண்டு எதிரில் தள்ளுவண்டியில் மல்லாட்டை விற்கிறவள். ஆக, பாஞ்சாலியின் காய் சர்க்கார் பெட்ரோலில் வறுபட்டு அவள் புருஷனுக்கே போய்ச் சேர்ந்தது. ஐந்தாண்டுத் திட்டம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்த திட்டம் தென்னாற்காட்டில் வேறு இருந்ததா என்பது சந்தேகம்.

ஒருநாள் சாயங்காலம் கம்பி தளர்ந்து டப்பா கவிழ்ந்தது. அத்தனை காயும் எஞ்சினின் சந்துபொந்துகளுக்குள் கொட்டிவிட்டது. சவுரிராயன் எட்டிப் பார்த்தான். கையை விட்டுத் துழாவினால் சட்டை கரியாகும். "சர்க்கார் வண்டியில கொட்னது சர்க்காருக்கு" என்று தத்துவம் சொல்லிப் பானெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்த ஷெட் அதற்கு முன்னால் மல்லாட்டை மண்டியின் கிடங்காக இருந்தது. மண்டிக்காரர் காலி செய்துகொண்டு போனார், பெருச்சாளிகள் போகவில்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்துக் குடிகள். புதிதாகக் குடிவந்த ஜீப்பை அவை இதுவரை எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது முறையான அழைப்பு கிடைத்துவிட்டது. முதலில் காயைத் தின்றன. பிறகு, காயின் எண்ணெய் இறங்கி மணத்துக்கொண்டிருந்த ஒயர்களின் துணியுறையைத் தின்றன. விருந்தில் இலையையும் சேர்த்துத் தின்கிறவர்கள் உண்டல்லவா, அப்படி.

மறுநாள் காலை அந்த ஜீப் அதிகாரி விருத்தாசலத்தை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் கிளம்பியது. அங்கே ‘வாகனப் பாதுகாப்பு வாரம்’ தொடக்க விழா.

வாகன ரட்சணை இலாகாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சர்க்கார் வண்டிகளைச் சேதமில்லாமல் காப்பதற்காக ஏற்பட்டது அந்த இலாகா. தலைமை விழுப்புரத்தில், உபகேந்திரம் திண்டிவனத்தில். உபகேந்திரத்துக்கென்று ஒரே ஒரு ஜீப். அதைக் காப்பதே எல்லோருக்கும் முழுநேர வேலையாக இருந்ததால் மற்ற வண்டிகளைப் பற்றி இலாகா கவலைப்பட்டதில்லை.

ஊர் எல்லை தாண்டுமுன்பே ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. விருத்தாசலம் அதைத் தமக்கான மரியாதை என்று நினைத்துக்கொண்டு மீசையை நீவிவிட்டார். வழியெல்லாம் மாட்டுவண்டிகள் மிரண்டு ஓரம் இறங்கின. ஒருவன் வயலுக்குள் விழுந்தான். விழுப்புரம் பந்தலுக்கு முன்னால் பானெட்டின் இடுக்கிலிருந்து முதலில் புகை வந்தது, பிறகு நெருப்பு வந்தது. சவுரிராயன் நெருப்பைப் பார்த்தான். ஆகவே ‘நல்வரவு’ வளைவைப் பார்க்கவில்லை. மூங்கில்கள் முறிந்து, ‘நல்வரவு’ இரண்டு துண்டாகி, ஒரு துண்டு ஜீப்பின்மேலும் மறுதுண்டு வரவேற்புக் குழுவின் தலைமேலும் விழுந்தது. விருத்தாசலம் வீராவேசமாகக் கீழே குதித்துத் தாமே பானெட்டைத் திறந்தார். திறந்த வேகத்தில் அவருடைய மீசையின் இடதுபாதி சொர்க்கம் போய்ச் சேர்ந்தது.

கூடவே, வாலில் நெருப்போடு ஒரு பெருச்சாளி வெளியே பாய்ந்தது. ராத்திரி விருந்தை விட்டுப்போக மனமில்லாமல் பேட்டரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த ஜீவன் அது. நாதஸ்வரக்காரரின் மடியில் ஏறி இறங்கி, தலைமை அதிகாரி சக்கரபாணியின் சோபாவுக்கு அடியில் புகுந்தது. போலீஸ்காரர்கள் லத்தியோடு விழுந்தார்கள். அடித்தார்கள். சோபாவின் கால் ஒடிந்தது. நாதஸ்வரக்காரரின் கணுக்கால் வீங்கியது. சக்கரபாணியின் முட்டியில் சரியாக ஒரு லத்தி இறங்கியது. பெருச்சாளி செத்து வெகுநேரம் கழித்தும் அடி நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லாததால் நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை. கடைசியில் அங்கே கிடந்ததைத் தோட்டி துடைப்பத்தால் வழித்தெடுத்தான்.

ஜீப்புக்குப் புது ஒயர் போட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, விசாரணைக் குழு திண்டிவனம் உபகேந்திரத்தில் கூடியது. முட்டியில் கட்டோடு சக்கரபாணி தலைவர். பாதி மீசையோடு விருத்தாசலம் உறுப்பினர். பேனாவோடு குமாஸ்தா சீனுவாசன். ஓரத்தில் கைகட்டி மண்ணாங்கட்டி. ராத்திரிக் காவல் அவனுடையது என்பதால் குற்றவாளி அவன் என்று கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. எந்தக் குற்றம் என்பதைத் தீர்மானிக்கத்தான் விசாரணை.

சவுரிராயனுக்கு மனசு பொறுக்கவில்லை. எழுந்து நின்றான்.

"ஐயா, எஞ்சினுக்குள்ள மல்லாட்டைய கொட்னது நான்தாங்க. அதான் பெருச்சாளி வந்துச்சி. மண்ணாங்கட்டி மேல தப்பில்லீங்க."

சீனுவாசனின் பேனா நின்றது. மின்விசிறிகூட ஒரு சுற்று தயங்கினது போலிருந்தது. சக்கரபாணி விருத்தாசலத்தைப் பார்த்தார். விருத்தாசலம் தம் மேஜைக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு மல்லாட்டை மூட்டை இருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒன்று. வாசலில் நின்ற சக்கரபாணியின் ஜீப்பில் பின்சீட்டில் ஒன்று. இலாகாக்காரர்கள் எந்த ஊருக்குச் சோதனைக்குப் போனாலும், பஞ்சாயத்து லாரியிலிருந்து சொசைட்டி வண்டிவரை எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொடுத்தால், ஒரு மூட்டை மரியாதையாக ஏறும். முகையூர்ப் பக்கம் போனால் இரண்டு ஏறும். அது லஞ்சமில்லை, லஞ்சமென்றால் எடை போட்டிருப்பார்கள்.

சக்கரபாணி தொண்டையைக் கனைத்தார்.

"டிரைவர், நீர் குறிப்பிடுகிற அந்தத் தாவரம் இலாகாவின் வாகனங்களில் எந்தக் காலத்திலும் ஏற்றப்பட்டதில்லை. ஏற்றப்படாத பொருள் சிந்தாது. சிந்தாததைப் பெருச்சாளி தின்னாது. தின்ன வராத பெருச்சாளி கம்பியைக் கடிக்காது."

"ஆனா கடிச்சிதுங்களே ஐயா?"

"கடிக்கக் காரணமே இல்லாத பெருச்சாளியையும் கடிக்க விட்டிருக்கிறான் என்றால், காவலாளியின் குற்றம் எவ்வளவு பெரியது என்று பாரும்."

விருத்தாசலம் மேஜையைத் தட்டி ஆமோதித்தார். மண்ணாங்கட்டி அன்றே சஸ்பெண்டு. பெருச்சாளிகளின் விருப்ப உணவு பற்றி ஆராயவும் உத்தரவாயிற்று. ‘சகல உணவுப் பண்டங்களும் ஆராயப்படும், மல்லாட்டை நீங்கலாக’ என்று சீனுவாசன் அழகான கையெழுத்தில் எழுதினான்.

"என்னையும் சஸ்பெண்டு பண்ணுங்கய்யா" என்றான் சவுரிராயன்.

"உன்னைச் சஸ்பெண்டு செய்தால் என்னை யார் வீட்டில் கொண்டு விடுவது?" என்றார் விருத்தாசலம். அதுவும் நியாயந்தான்.

வெளியே வந்ததும் மண்ணாங்கட்டி அவன் தோளைத் தட்டினான். "நீ எதுக்கு டிரைவரே ரோசப்படற? வறுத்தது நீயின்னாலும் பாதிய தின்னது நான்தானே."

சஸ்பெண்டு என்பது வேலை போவதைவிடக் கொடிது என்று சவுரிராயனுக்குப் பிறகுதான் விளங்கியது. சஸ்பெண்டில் இருக்கிறவன் ஊரை விட்டுப் போகக்கூடாது. வேறு வேலை பார்க்கக்கூடாது. தினமும் காலையில் ஷெட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். காவல் மட்டும் காக்கக்கூடாது. கண்ணெதிரே பெருச்சாளி ஜீப்பில் ஏறினாலும் சூ என்று சொல்ல அவனுக்கு அதிகாரமில்லை. பெருச்சாளிகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டன.

அப்போதுதான் எண்ணெய் மில்லிலிருந்து ஆள் வந்தது. மில்லுக்கு வாட்ச்மேன் வேண்டுமாம். போகி வரைக்கும் இடத்தைக் காலியாக வைத்திருப்பேன் என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார்.

"இத பாரு சவுரியண்ணே" என்றாள் பாஞ்சாலி, தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று மல்லாட்டையைப் புடைத்துக்கொண்டே. "உங்க ஆபீசர்கிட்ட நீ ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு வா. எம் புருசனுக்கு வேலை இருக்குதா, இல்லியா? இருக்குதுன்னா பெஞ்சியில குந்திக்கினு இருக்கட்டும். இல்லேன்னா மில்லுக்குப் போவட்டும். நடுவுல இருக்கறவன் மில்லுக்குப் போனான்னா ஜெயில்ல போட்டுருவானாமே, சீனுவாசன் சொல்றான். இருக்குது, இல்ல, ரெண்டுல ஒண்ணு. இதுக்கு இன்னா படிப்பு வேணும்?"

சவுரிராயன் போய்க் கேட்டான். விருத்தாசலம் புருவத்தை உயர்த்தி, "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது" என்றார்.

"பரிசீலனையாம்" என்று வந்து சொன்னான்.

"அத வச்சி கேப்பைக் கூழு காச்சலாமா?" என்றாள் பாஞ்சாலி.

இலாகா யுத்தத்தில் இறங்கியது. முதல் தாக்குதல் தடிகளால். ஒரு நடுப்பகலில் ஊழியர்கள் எல்லோரும் பதவி வரிசைப்படி உலக்கையும் தடியும் ஏந்தி ஷெட்டுக்குள் அணிவகுத்தார்கள். அதிகாரிக்குக் கருங்காலித் தடி, குமாஸ்தாவுக்கு உலக்கை, பியூன்களுக்குத் துடைப்பக்கட்டை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சக்கரபாணி பேசினார்.

"நண்பர்களே! நாம் அகிம்சை வழியில் சுதந்திரம் பெற்றவர்கள். ஆகவே அடிக்கும்போது கோபம் கூடாது. சாந்தமாக அடிக்க வேண்டும். மண்டையில் அடிக்கும்போதும் மனத்தில் அன்பு இருக்க வேண்டும். அன்பு இருக்கிறதா என்பதை அதிகாரி மேற்பார்வையிடுவார்."

பெருச்சாளிகள் தப்பாமலிருக்க ஷெட்டின் கதவுகளைச் சாத்தினார்கள். உள்ளே கும்மிருட்டு. அன்போடு அடிக்கத் தொடங்கினார்கள். யாரோ "அம்மா" என்றார்கள். யாரோ "நான்தாண்டா" என்றார்கள். "நான்தான் என்றால் யார், பதவியைச் சொல்!" என்று விருத்தாசலத்தின் குரல் கேட்டது, அடுத்து அதே குரல் பதவியில்லாமல் அலறியது. கதவைத் திறந்தபோது சீனுவாசனின் தாடை பிதுங்கியிருந்தது. ஒரு பியூனின் மண்டையிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பின் விளக்கு இரண்டும் நொறுங்கியிருந்தன. நடுவில் ஒரே ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. அதன் உடம்பில் அடியே இல்லை; வயசாகிச் செத்திருக்க வேண்டும். ‘எதிரிக்குக் கடும் சேதம்’ என்று விழுப்புரத்துக்குத் தந்தி போயிற்று.

சவுரிராயன் சீனுவாசனிடம் கேட்டான். "ஏங்க, மண்ணாங்கட்டிக்கு வேலை இருக்குதுங்களா, இல்லீங்களா?"

சீனுவாசன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "உழிய காலத்தில்" என்றான். உரிய காலத்தில் என்பதைத்தான் அந்த வாயால் அப்படிச் சொல்ல முடிந்தது.

இரண்டாவது தாக்குதல் மின்சாரம். ஜீப்பின் உடம்பு முழுக்கச் செம்புக்கம்பி சுற்றி அதில் கரெண்டு விட்டார்கள். தொடுகிற பெருச்சாளி பஸ்பமாகும் என்பது திட்டம். பெருச்சாளிகள் தொடவில்லை. உத்தரத்திலிருந்து துணிக்கூரை மேல் குதித்து, கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கின. இது கண்ணியமான முறையல்ல என்று விருத்தாசலம் அபிப்பிராயப்பட்டார்.

தொட்டது டைகர். ஷெட்டிலேயே வளர்ந்த நாய். அந்த வட்டாரத்திலேயே உண்மையில் பெருச்சாளி பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அதுதான். வழக்கம்போலக் காலையில் ஜீப்பின் சக்கரத்துக்கு மரியாதை செய்யப் போயிற்று. ஒரு வெட்டு. சத்தம்கூட முழுதாக வரவில்லை. உடம்பு விறைத்துத் துள்ளித் துள்ளி விழுந்தது. மண்ணாங்கட்டி பெஞ்சிலிருந்து ஓடிப்போய், மரக்கட்டையால் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு, நாயைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். மயிர் கருகிய நாற்றம். வாயோரம் நுரை. கண் திறந்திருந்தது.

சவுரிராயன் குழி வெட்டினான். அவன் மனதுக்குள் சேசு மரியே என்று சொல்லிக்கொண்டான். நாய்க்குச் சொல்லலாமா என்று மாதாகோயில் சாமியாரைக் கேட்கவில்லை. மண்ணாங்கட்டி அதுவரை யாரைப் பற்றியும் எதுவும் குறை சொன்னவனில்லை. மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னான்:

"அது சஸ்பெண்டுல இல்லியே டிரைவரே. அது பாட்டுக்கு எங்கனா போயிருக்கலாம்."

அன்று சவுரிராயன் விருத்தாசலத்தின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தான். "ஐயா, இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"எது?"

"மண்ணாங்கட்டிக்கு வேலை."

"கொள்கை அளவில் இருக்கிறது, நடைமுறை அளவில் பார்க்க வேண்டும். ஆனால் அனுமதியின்றி மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறான். அதற்கு விளக்கம் கேட்டிருக்கிறோம்."

மூன்றாவதாக வந்தது பொறி. விழுப்புரத்துக் கொல்லன் ஒருவனிடம், லாரிக்குப் போடுகிற பட்டை ஸ்பிரிங்கைக் கொடுத்து, தாமே வரைந்த படத்தையும் கொடுத்து அடிக்கச் சொன்னார் சக்கரபாணி. கொல்லன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலிக்குங்களா, யானைக்குங்களா?" என்று கேட்டானாம். "இலாகாவுக்கு" என்று பதில் வந்ததாம். இரும்புப் பல் வைத்த இரண்டு தாடைகள். அவற்றை விரித்து வைக்கவே இரண்டு ஆள் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். வெள்ளோட்டத்தில் ஒரு பூசணிக்காய் சிதறி, விதைகள் சீனுவாசனின் கண்ணாடியில் ஒட்டின. வழிதவறி வந்த ஓர் ஆட்டின் கால் எலும்போடு போயிற்று. ஆட்டுக்காரன் அரிவாளோடு வந்தான். அவனுக்கும் விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அவன் பரிசீலனை தெரியாதவன்; ஒரு பியூனின் முதுகைக் கிழித்துவிட்டுப் போனான்.

பொறிக்குள் வடை வைத்தார்கள், கருவாடு வைத்தார்கள், தேங்காய்ச்சில் வைத்தார்கள். மல்லாட்டை நீங்கலாக எல்லாம் வைத்தார்கள். ஒரு பெருச்சாளியும் எட்டிப் பார்க்கவில்லை. அதிகாரியின் மேஜைக்கு அடியில் மூட்டை இருக்கும்போது வடைக்கு எது வரும்?

பிறகு பொறியை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருநாள் மண்ணாங்கட்டி வழக்கமாக உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, அவனிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

சவுரிராயன் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, நாலு பேர் கடப்பாரையோடு முட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடைகளைப் பிரித்தபோது வலதுகாலின் விரல்கள் பாதத்தோடு வரவில்லை. ஆஸ்பத்திரியில் மீதியைத் தைத்து அனுப்பினார்கள். அவன் கட்டோடு கோலூன்றி மறுபடி பெஞ்சுக்கு வந்த காலையில், ‘இடைநீக்கத்தில் இருக்கும்போது இலாகாவின் பொறியைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது ஏன்?’ என்று கேட்டு ஓர் உத்தரவு காத்திருந்தது.

பாஞ்சாலி அழவில்லை. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளான்னிக்கி போகி" என்றாள். "மில்லுக்காரன் கால் போச்சேன்னு பேச்ச மாத்தல, குந்திக்கினே காவல் காக்கலாம்னு சொல்லிட்டான். நல்ல மனுசன். ஆனா வேலை கேட்டு வேற ஆளும் வந்துட்டானாம். போகி தாண்டுனா கெடையாது. அண்ணே, நான் உன்ன கோவிச்சுக்கல. ஆனா நீயும் எனக்கு இருக்குதா இல்லியான்னு சொல்ல மாட்டேன்ற பாத்தியா?"

 

போகியன்று காலையில் ஷெட் வாசலில் பெரிய பந்தல். பொறியை நாட்டுக்கு அர்ப்பணிக்கிற விழா. ஒலிபெருக்கி கட்டியிருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது; பாஞ்சாலி தள்ளுவண்டியைப் பந்தலோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் கோலூன்றி மண்ணாங்கட்டி. மேடையில் பூமாலை போட்ட பொறி, இரும்புத் தாடையைப் பிளந்தபடி. சக்கரபாணி முழங்கினார்.

"இந்தப் பொறியால் இதுவரை ஒரு பெருச்சாளிகூடச் சாகவில்லை என்று சில விஷமிகள் கேலி பேசுகிறார்கள். நான் பெருமையோடு கேட்கிறேன்: பெருச்சாளிகள் எல்லாம் செத்துவிட்டால் இலாகா எதற்கு? எதிரியை ஒழிப்பது எளிது. எதிரியோடு நீடித்துப் போராடுவதல்லவா நிர்வாகம்! நம் ஊழியர்கள் கை கொடுத்திருக்கிறார்கள், கால் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரிகளாகிய நாங்கள் எங்கள் ஆதரவைக் கொடுத்திருக்கிறோம்!"

கைதட்டல். அடுத்து விருத்தாசலம் பொறி வேலை செய்யும் விதத்தை விளக்க வேண்டும். மீசையை முழுதும் மழித்துவிட்டிருந்தார். குனிந்து, "இங்கே இரையை வைத்தால்..." என்று காட்டினார். குனிந்தபோது அவருடைய சட்டைப்பையிலிருந்து, காலையில் கொறித்துவிட்டு மிச்சம் வைத்திருந்த ஒரே ஒரு மல்லாட்டை நழுவி, பொறியின் நடுவில் போய் விழுந்தது.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மல்லாட்டையைப் பார்த்தார். தலைமை அதிகாரியின் தலை மெல்லத் திரும்புவதைப் பார்த்தார். இலாகாவில் இல்லாத பொருள் இலாகாவின் பொறியில் இருக்கலாமா? வருஷக்கணக்கான பழக்கம் அவர் கையை முந்திக்கொண்டு போயிற்று. அதை மறைக்கக் கையை விட்டார்.

தாடைகள் மூடின.

ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் ரயிலடிவரை கேட்டதாகச் சொன்னார்கள். எலும்பு உடைகிற சத்தம் முதலில். அவருடைய சத்தம் பிறகு. முன்வரிசையில் இருந்தவர்களின் வேட்டியில் ரத்தம் தெறித்தது. கூட்டம் சிதறியது. பந்தக்கால் சாய்ந்தது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். மாலையின் நார் ஸ்பிரிங்கில் சிக்கிக்கொண்டு பொறி திறக்க மறுத்தது.

"ஆஸ்பத்திரி! வண்டியை எடு!" என்று கத்தினார் சக்கரபாணி.

சவுரிராயன் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். ஜீப் மூச்சுக்கூட விடவில்லை. பானெட்டைத் தூக்கினான். ஒயர் என்று சொல்ல ஒரு சாண்கூட இல்லை. பின்சீட்டில், பொங்கலுக்காக முகையூரிலிருந்து வந்து இறக்காமல் கிடந்த மூட்டைக்கு ஓட்டை விழுந்திருந்தது. முந்தின ராத்திரியே வந்து ஷெட்டில் நின்ற சக்கரபாணியின் ஜீப்புக்கு ஓடினான். அதற்கும் அதே கதி; அதில் மூட்டை இரண்டு. சக்கரபாணி நிலைமையை உணர்ந்து, அவசர ஆலோசனைக்காக விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பாஞ்சாலி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தள்ளுவண்டியிலிருந்த அடுப்புச்சட்டியையும் முறத்தையும் இறக்கினாள். "தூக்கிக் குந்த வையிங்கய்யா. மல்லாட்டை மேலயே குந்தட்டும், மெத்துனு இருக்கும்."

கையில் பொறியோடு விருத்தாசலம் மல்லாட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியவன் மண்ணாங்கட்டி. கோலை வண்டியில் போட்டுவிட்டு, கைப்பிடியில் பாரத்தை ஊன்றிக்கொண்டு, ஒரு காலால் விந்தி விந்தித் தள்ளினான். ஒரு பக்கம் சவுரிராயன். மறுபக்கம் பாஞ்சாலி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதிகாரி அலறினார். ஒவ்வொரு அலறலுக்கும் கொஞ்சம் மல்லாட்டை ரோட்டில் சிந்தியது. தெருவில் போகிக்கு எரித்த குப்பை இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

சவுரிராயன் குனிந்து, மரியாதையாகக் கேட்டான். "ஐயா, மண்ணாங்கட்டிக்கு வேலை இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"பரிசீ..." என்று ஆரம்பித்தார் விருத்தாசலம். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. "...அய்யோ! மேலிடத்தில்..." இன்னொரு கல். "...உரிய..." ஒரு பெரிய பள்ளம்.

அவர் வீலென்று கத்தினார். கத்தி முடித்தபோது, இலாகாவின் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது. பிறந்த ஊர்த் தமிழ் வந்தது.

"இல்லடா! கெடையாது! கெடையாது, கெடையாது! என்னைக்குமே கெடையாது! மல்லாட்டைன்னு ஒத்துக்கினா எங்க அத்தினி பேரு வேலையும் பூடும். ஒருத்தன் பூட்டா போதும்னு மொத நாளே முடிவு பண்ணிட்டோம். கூலிக்காரன், அவன் போனா எவன் கேக்கப் போறான்னு அவனை போட்டோம். போதுமா? போதுமாடா?"

மண்ணாங்கட்டி வண்டியை நிறுத்தினான்.

நடுரோட்டில் வண்டி நின்றது. விருத்தாசலம் மூச்சை அடக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். மண்ணாங்கட்டி அவரைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தான். பிறகு பாஞ்சாலியைப் பார்த்தான்.

பாஞ்சாலி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இம்மாத்தூண்டு வார்த்தைய வச்சிக்கினு எதுக்குய்யா இத்தினி நாளா சொமந்துக்கினு இருந்த?" என்றாள் அதிகாரியிடம். கோபமாகக்கூட இல்லை. பிறகு மேலே பார்த்தாள். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

"இன்னும் போகி முடியல" என்றாள் புருஷனிடம். "இவர ஆஸ்பத்திரில இறக்கிட்டு அப்படியே மில்லுக்குப் போயிரலாம். ஜல்தியா தள்ளு. சவுரியண்ணே, நீயும் ஒரு கை போடு."